படுக்க ஓர் இடம்: சப்ரகமுவத் தோட்டங்களின் பழைய கட்டடங்களும் விடுதிப் பள்ளியும்

இலங்கையின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். அதில் ஒரு தேதி வருகிறது: 1815 மார்ச் 2. கண்டி இராச்சியம் ஒப்பந்தத்தின் மூலம் பிரித்தானியர் கைக்குப் போன நாள் அது. அந்த நாளுக்கு முற்பட்ட கட்டடம் சட்டத்தின் பார்வையில் தொன்மைச் சின்னம். பிற்பட்ட கட்டடத்துக்கு வழி வேறு. குறைந்தது நூறு ஆண்டு நின்ற கட்டடம் என்று காட்ட வேண்டும். அமைச்சர் அதை வர்த்தமானியில் அறிவித்த பிறகுதான் அது பாதுகாக்கப்பட்ட சின்னம் ஆகும்.

மலையகத் தமிழரின் வரலாறு முழுவதும் இந்தத் தேதிக்குப் பிந்தியது. கம்பளைக்கு அருகே சிங்ஹபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் திறந்தது 1820களில். அந்தத் தோட்டங்களுக்குத் தென்னிந்தியத் தொழிலாளர் வந்ததன் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். இருநூறு ஆண்டுகளில் இந்தச் சமூகம் கட்டியதும் வாழ்ந்ததுமான வரிசை வீடுகளான லயம், கொட்டகையான மடுவம், கோயில், பள்ளிக்கூடம் எதுவும் தானாகத் தொன்மைச் சின்னம் ஆக முடியாது. ஒவ்வொன்றுக்கும் யாராவது விண்ணப்பம் எழுத வேண்டும். இரத்தினபுரி நகரில் எகலப்பொல வளவு இன்று தேசிய அருங்காட்சியகமாகப் பராமரிக்கப்படுகிறது. சப்ரகமுவவின் திசாவையாக (மாகாண ஆளுநராக) இருந்தவரின் வீடு அது, பராமரிக்கப்பட வேண்டியதுதான். ஆனால் அதே மாவட்டத்தின் தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்றைக் காட்டி, இதையும் பராமரிப்போமா என்று கேட்டால் கேட்பவரை விநோதமாகப் பார்ப்பார்கள். அந்தப் பார்வை மாற வேண்டும் என்பதும், மாறினால் அந்தக் கட்டடங்களை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதும் இந்தக் கட்டுரையின் விஷயம்.

சப்ரகமுவ என்று தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மலையகம் என்றதும் அட்டனும் நுவரெலியாவும்தான் நினைவுக்கு வருகின்றன. பனி, கொழுந்து, மலைச்சரிவு நெடுகத் தொடரும் பச்சை. சப்ரகமுவவின் கேகாலையும் இரத்தினபுரியும் வேறு நிலம். இங்கே இறப்பரும் தாழ்நிலத் தேயிலையும் சேர்ந்தே இருக்கின்றன. யட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்ட, எஹலியகொடை, பெல்மதுளை, காவத்தை, இறக்குவானை, பலாங்கொடை என்று தோட்டங்கள் சிதறிக் கிடக்கின்றன. இரண்டு தோட்டங்களுக்கு நடுவே சிங்களக் கிராமங்கள், வயல், இரத்தினக்கல் குழிகள். நுவரெலியாவில் ஒரு தமிழ்ப் பள்ளி சரியில்லை என்றால் அடுத்த தோட்டத்தில் இன்னொன்று இருக்கும். இங்கே அடுத்த தமிழ்ப் பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டியிருக்கும். இந்தத் தூரம்தான் விடுதியைப் பற்றிப் பேச வைக்கிறது.

தோட்டப் பள்ளிக்கூடத்தின் வயதைக் கணக்கிட ஒரு எளிய வழி உண்டு. 1907இன் 8ஆம் இலக்கக் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கற்பிக்கும் பொறுப்பைத் தோட்டத் துரையின் தலையில் வைத்தது. 1920இன் கல்விக் கட்டளைச் சட்டம் அந்தப் பொறுப்பை இன்னும் இறுக்கியது. சப்ரகமுவவில் தோட்டங்கள் விரிந்த காலமும் அதுவே. களனிப் பள்ளத்தாக்கின் சிறு ரயில் 1902இல் அவிசாவளைக்கும், 1903இல் யட்டியாந்தோட்டைக்கும், 1912இல் இரத்தினபுரிக்கும், 1919இல் ஓப்பநாயக்கவுக்கும் வந்து சேர்ந்தது. இறப்பர் விலை ஏறியதும் இந்த ஆண்டுகளில்தான். இரண்டரை அடி அகலத் தண்டவாளத்தில் தோட்டத்தின் இறப்பரும் தேயிலையும் கீழே இறங்கின. கூரைத் தகடும் சீமெந்தும் மேலே ஏறின. அந்த ஆண்டுகளில் எழுந்த பள்ளிக் கட்டடங்கள் இப்போதுதான் நூறு வயதைத் தாண்டுகின்றன. சட்டம் வைத்திருக்கும் இரண்டாவது வாசல் அவற்றுக்கு இப்போதுதான் திறக்கிறது. இப்போதுதான் அவற்றை இடித்துவிட்டு மாடிக் கட்டடம் கட்டும் வேகமும் கூடியிருக்கிறது.

அந்தக் கட்டடங்களின் வடிவம் எளிமையானது. ஒரே மண்டபம். கருங்கல்லோ, கபுக் என்று அங்கே சொல்லும் செம்புறைக்கல்லோ வைத்து இடுப்பளவு அரைச்சுவர், அதற்கு மேல் மரச்சட்டம் அல்லது வெறும் திறப்பு, தகரக் கூரை. முதல் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை அந்த ஒரே மண்டபத்தில் ஐந்து மூலைகள். பெரும்பாலும் ஒரே வாத்தியார். கடிதம் வாசித்துச் சொல்வதும், மனு எழுதிக் கொடுப்பதும், திருவிழாவில் காமன்கூத்துக்குப் பாட்டு எடுத்துக் கொடுப்பதும் அவர் வேலைதான். பள்ளிக்கென்று கட்டடமே இல்லாத தோட்டங்களில் கங்காணியின் லயத்து இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், பள்ளி நடந்தது. இறப்பர் பால்வெட்டுக்குத் தாய் விடியுமுன்னே போய்விடுவாள், வெயில் ஏறினால் பால் வடியாது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவத்தில் கைக்குழந்தையை விட்டுவிட்டு மூத்தது பள்ளிக்கு வரும். அந்த மண்டபம், மடுவம், லயம் மூன்றும் ஒன்றையொன்று பார்த்தபடி கட்டப்பட்டிருக்கும். தொழிலாளியின் ஒரு நாள் எப்படி வகுக்கப்பட்டது என்று அந்த அமைப்பைப் பார்த்தாலே தெரியும். கட்டடக்கலை என்று பார்த்தால் அது எளிய வேலை. அந்த எளிமைக்குப் பின்னால் இருந்தது செலவைக் குறைக்கும் கணக்கு. ஆயினும் ஒரு சமூகம் முதன்முதலில் எழுத்தைத் தொட்ட இடம் அது. மதிப்பு அங்கிருந்து வருகிறது.

ஒன்று மட்டும் அந்த அமைப்பில் இல்லை. பிள்ளை தங்கிப் படிக்க இடம் இல்லை. தோட்டப் பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. அதற்கு மேல் படிக்கத் தோட்டத்தை விட்டு வெளியே போக வேண்டும், வெளியே போனால் தங்க வேண்டும்.

இலங்கைத் தமிழரின் கல்வி வரலாற்றில் விடுதி எப்படிப் பிறந்தது என்று பார்த்தால், அதுவே ஒரு கட்டடப் புனரமைப்பில் தொடங்குகிறது. 1816இல் வந்த அமெரிக்க மிஷனரிகள் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் கண்டது கூரையிழந்து பாழடைந்த தேவாலயம் ஒன்று. போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் திருத்திக் கட்டியது. மிஷனரிகள் அதையும் அருகிலிருந்த வீட்டையும் பழுது பார்த்துக் கூரை போட்டார்கள். அந்த வளவில் 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி எழுந்தது. அதற்கு அடுத்த ஆண்டு உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளி தொடங்கியது. ஹரியட் வின்சுலோ தொடக்கிய அந்தப் பள்ளியை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நடத்தியவர் எலிசா அக்னியூ. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் முதன்முதலாகப் பட்டம் கொடுத்தபோது அதைப் பெற்ற கரோல் விசுவநாதபிள்ளையும் சி.வை. தாமோதரம்பிள்ளையும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். சங்க நூல்களைப் பதிப்பித்த தாமோதரம்பிள்ளை உருவான சூழலில் பழுது பார்த்த அந்த வளவுக்கும் ஒரு பங்கு உண்டு.

இன்னொரு விவரம் கட்டடத்தை ஆராய்கிறவர்களுக்கு முக்கியம். தொடக்க காலத்தில் மிஷன் வளவுக்குள் சமைத்ததைச் சைவப் பிள்ளைகள் உண்ண மறுத்தார்கள். அதனால் சமையல் வளவுக்கு வெளியே நடந்தது. ஒரு நூற்றாண்டு கழித்து, 1920களின் கடைசியில், யாழ்ப்பாணத்துப் பள்ளிகளில் சமாசனம், சமபோசனம் என்று பெரிய போராட்டம் நடந்தது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்காரவும் ஒரே பந்தியில் உண்ணவும் வேண்டும் என்ற போராட்டம் அது. ஒரு விடுதிப் பள்ளியைப் புனரமைக்கும்போது மணிக்கூண்டையும் முன்வாசலையும் மட்டும் காப்பாற்றிவிட்டுச் சமையற்கட்டை இடித்துவிடுகிறோம். சமூக வரலாறு அதிகம் படிந்திருப்பது அடுப்படியிலும் சாப்பாட்டு மண்டபத்திலும் கிணற்றடியிலும்தான். எந்தக் கட்டடம் முக்கியம் என்று முடிவெடுக்கும் குழுவில் சமையற்காரர் ஒருவரையும் பழைய விடுதி மாணவி ஒருவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

யாழ்ப்பாணத்துக்கு வாய்த்தது சப்ரகமுவத் தோட்டங்களுக்கு வாய்க்கவில்லை. 1940களில் கல்வி அமைச்சர் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கர மத்திய கல்லூரிகளைத் திறந்தபோது கிராமத்துப் பிள்ளைக்குப் புலமைப்பரிசிலும் விடுதியும் சேர்த்தே கொடுத்தார். கேகாலை மாவட்டத்துத் தொலங்கமுவ மத்திய கல்லூரி அந்த வரிசையைச் சேர்ந்தது. ஒரு ஏழை விவசாயியின் பிள்ளை வீட்டை விட்டு வந்து படிக்கலாம் என்ற எண்ணத்தை அரசே முன்வைத்தது அப்போதுதான். 1945இல் இலவசக் கல்வியும் வந்தது. ஆனால் தோட்டப் பள்ளிகள் தனிப் பிரிவாகத் துரைமாரின் கீழேயே கிடந்தன. 1948இன் குடியுரிமைச் சட்டம் அந்தப் பிள்ளைகளின் பெற்றோரை நாடற்றவர் ஆக்கியது. இந்தியாவோடு செய்த 1964 ஒப்பந்தத்தின்படி ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியா போவதாக முடிவானது. போகப் போகிறவர்களின் பிள்ளைகளுக்கு விடுதி கட்ட யாரும் முன்வரவில்லை. 1970களின் பிற்பகுதியிலிருந்து அரசு தோட்டப் பள்ளிகளைக் கட்டம் கட்டமாகப் பொறுப்பேற்றது. தமிழருக்கு எதிரான 1977, 1981, 1983 வன்முறைகள் சப்ரகமுவத் தோட்டங்களையும் எரித்தன. பலர் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறினார்கள். சில பள்ளிகளில் பிள்ளைகளே இல்லாமல் போனது.

1986இலிருந்து சுவீடனின் சீடா நிறுவனம் தோட்டப் பள்ளிகளுக்குக் கட்டடமும் ஆசிரியர் பயிற்சியும் தந்தது. ஜெர்மனியின் உதவியோடு கொட்டகலைப் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வந்தது. இவை இல்லாவிட்டால் இன்றைய மலையக ஆசிரியர் தலைமுறையே இல்லை. ஆனால் அவற்றின் அக்கறை வகுப்பறை மீதே இருந்தது. தங்குமிடம் அப்போதும் கணக்கில் வரவில்லை.

இன்றைய நிலையை ஒரு வகைப்பாட்டைக் கொண்டு சொல்லிவிடலாம். இலங்கைப் பள்ளிகளில் உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு உள்ளது 1ஏபி. கலை, வர்த்தகம் மட்டும் உள்ளது 1சி. சாதாரண தரத்தோடு நிற்பது இரண்டாம் வகை. ஐந்தாம் அல்லது எட்டாம் வகுப்போடு நிற்பது மூன்றாம் வகை. சப்ரகமுவவில் தமிழ்மொழி மூலம் விஞ்ஞானப் பிரிவு அரிது. தெரணியகலைத் தோட்டமொன்றில் சாதாரண தரத்தில் கணிதமும் விஞ்ஞானமும் நன்றாகச் செய்த ஒரு பெண்பிள்ளைக்கு முன்னால் இருக்கும் வழிகள் இவை: கலைப் பிரிவுக்கு மாறுவது, அல்லது கண்டி, அட்டன், கொழும்பு, யாழ்ப்பாணம் என்று எங்காவது உறவினர் வீட்டிலோ வாடகை அறையிலோ தங்கிப் படிப்பது. பெண்பிள்ளையை அப்படி அனுப்பப் பெற்றோர் அஞ்சுவது நியாயம். மகளைக் கலைப் பிரிவில் சேர்த்துவிட்டு, அவளுக்கே கலைதான் பிடிக்கும் என்று ஊருக்குச் சொல்லும் தாய்மாரை எனக்குத் தெரியும். அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் துக்கத்தை எந்தக் கல்விப் புள்ளிவிவரமும் பதிவு செய்வதில்லை.

சப்ரகமுவவில் விடுதியோடு கூடிய தமிழ்மொழி உயர்தரப் பள்ளி ஒன்று வேண்டும். அதன் விடுதியைத் தோட்டங்களில் பாழடைந்து கிடக்கும் பழைய கட்டடங்களில் ஒன்றைப் புனரமைத்து அமைக்கலாம். ஆளில்லாத பங்களா, மூடிய இறப்பர் ஸ்டோர், கைவிட்ட தோட்டத்து ஆஸ்பத்திரி, பழைய பள்ளி மண்டபம் என்று இந்த மாகாணத்தில் அவற்றுக்குக் குறைவில்லை.

இது நடவாத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. கந்தப்பளையின் ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1996இல் ஹோட்டலாகத் திறக்கப்பட்டது. பழைய இயந்திரங்களும் இரும்புத் தூண்களும் கண்ணுக்குத் தெரியும்படி விடப்பட்டன. பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் துரைமாரின் பங்களாக்கள் 2005இல் சொகுசு விடுதிகளாகின. கண்டி ஹந்தானையில் 1925இல் எழுந்த தொழிற்சாலை தேயிலை அருங்காட்சியகம் ஆனது. இந்த வேலைகள் நன்றாகவே செய்யப்பட்டிருக்கின்றன, தச்சரும் கொத்தனாரும் இந்த நாட்டிலேயே கிடைத்தார்கள். எனக்கு இவற்றைவிடப் பெரிய முன்மாதிரி கம்பளைக்கு அருகே ஓல்ட் பீகொக் தோட்டத்தில் இருக்கிறது. சமூக அபிவிருத்தி நிறுவனம் அங்கே ஒரு பழைய லயத்தைச் சீர்செய்து 2007இல் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கியது. லயத்தைக் காப்பாற்றத் தகும் கட்டடமாக நடத்தியது அங்கேதான். பங்களாவுக்குக் கிடைத்த கவனிப்பு லயத்து அறையான காம்பராவுக்கும் கிடைத்தது.

இனி கட்டட வேலை. இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்லெண்ணத்தோடு செய்யும் திருத்தமே பழைய கட்டடங்களை அதிகம் கெடுக்கிறது.

முதலில் மழை. யாழ்ப்பாணத்தில் ஆண்டு மழை 1,300 மில்லிமீட்டர் அளவில். இரத்தினபுரியில் 3,500க்கு மேல். அதனால்தான் பழைய ஆட்கள் கூரையைச் செங்குத்தாக வைத்து இறவாரத்தை நீட்டி விட்டார்கள், சுவரில் சாரல் படாது. திருத்த வேலையில் முதலில் காணாமல் போவது அந்த இறவாரம். தகடு மிச்சம் பிடிக்க அதை வெட்டிக் குறைப்பார்கள். இரண்டு மழைக்காலத்தில் சுவர் பச்சை பிடித்து உப்பு கக்கும். உடனே சுவரில் குற்றம் என்று சீமெந்துப் பூச்சு பூசுவார்கள். செம்புறைக்கல் நீரை உறிஞ்சும், பிறகு வெளியே விடும். சுண்ணாம்புப் பூச்சு அதற்கு இடம் கொடுத்தது. சீமெந்து வெளிவாசலை அடைத்துவிடும். நீர் உள்ளேயே தங்கிக் கல்லைக் கரைக்கும். வெளியே பளபளப்பாகவும் உள்ளே மாவாகவும் இருக்கும் சுவர் அப்படித்தான் உண்டாகிறது. தீர்வு பழையதுதான். நீற்றிய சுண்ணாம்பை வாரக்கணக்கில் நீரில் ஊற வைத்து, மணலோடு பிசைந்து, மெல்லிய பூச்சாக ஒன்றன்மேல் ஒன்று பூசுவது. சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்து மெதுவாக இறுகும், அவசரப்பட்டால் வெடிக்கும்.

அதற்கு வறண்ட மாதங்கள் வேண்டும். சப்ரகமுவவில் ஓரளவு வறட்சி சனவரி முதல் மார்ச் வரை. ஏப்ரலில் இடியோடு மழை, மே முதல் தென்மேற்குப் பருவம், அக்டோபர், நவம்பரில் மறுபடி இடிமழை. பள்ளி விடுமுறையோ ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர். சுண்ணாம்பு வேலைக்கு உகந்த மாதங்கள் முதலாந்தவணையின் நடுவே விழுகின்றன. ஒப்பந்தக்காரர் விடுமுறையில் முடித்துவிடுகிறேன் என்று சீமெந்தைக் கொண்டுவருவதற்கு இதுவும் ஒரு காரணம். மண்டபத்தைப் பாதியாகத் தடுத்து, ஒரு பாதியில் வகுப்பும் மறுபாதியில் வேலையுமாக இரண்டு ஆண்டுகளுக்குப் பிரித்துச் செய்வதே சரி. நிதியாண்டு முடிவதற்குள் பணத்தைச் செலவழிக்க வேண்டும் என்ற விதி இதற்கு இடம் கொடுக்காது. கட்டடப் பாதுகாப்பு பற்றிய பேச்சு பல நேரம் இந்த நிதியாண்டு விதியில் வந்துதான் முட்டுகிறது.

கூரையைத் தகரமாகவே விட்டால் மழை நேரத்தில் பாடம் நடக்காது, ஆசிரியர் குரல் முதல் வரிசைக்கே கேட்காது. அந்தச் சத்தத்துக்குப் பயந்துதான் பல இடங்களில் அஸ்பெஸ்டஸ் போட்டார்கள். அதன் நார் நுரையீரலுக்குக் கேடு. கழற்றும்போது நீர் தெளித்து, உடைக்காமல் இறக்கி, சுற்றிக் கட்டி அகற்ற வேண்டும். பிள்ளைகளைச் சிரமதானத்துக்கு அழைத்து அந்தத் தகடுகளைச் சுமக்க விடுவது கூடவே கூடாது. மறுபடி தகடு போடுவதானால் அடியில் பலகைத் தளமும் ஒலியை உறிஞ்சும் அடுக்கும் வேண்டும். மரம் தாங்குமானால் கள்ளிக்கோட்டை ஓடு நல்லது. மரச்சட்டத்தைப் பார்க்கும்போது முழுவதும் உளுத்துவிட்டது என்ற முடிவுக்கு உடனே போகக் கூடாது. சுவருக்குள் புதைந்த முனைகள்தான் பெரும்பாலும் அழுகியிருக்கும், கறையானும் அங்கேதான் ஏறும். அந்த முனையை மட்டும் வெட்டி, அதே இன மரத்தை ஒட்டுப் போட்டு இணைக்கத் தெரிந்த தச்சர் இன்னும் இருக்கிறார்கள். பலாவும் பழைய காட்டு மரமும் போட்ட சட்டங்களைக் கழற்றி விறகுக்குக் கொடுத்துவிட்டு மெல்லிய இரும்புக் குழாய் வைப்பது நட்டம்.

அரைச்சுவரை மேலே வரை அடைப்பது அடுத்த தவறு. காற்றோட்டம் போய்விடும், பிறகு மின்விசிறி வேண்டும். கணினி அறைக்குப் பூட்டும் கதவும் தூசியில்லாத அடைப்பும் தேவைதான். அதைப் பக்கத்தில் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். மின்கம்பிகளைச் சுவரை வெட்டிப் பதிக்காமல் குழாயில் மேலாக ஓட்டி, டிரிப் சுவிட்ச் வைக்க வேண்டும். ஏப்ரலிலும் அக்டோபரிலும் இந்த மலைகளில் இடி கடுமையாக விழுகிறது. தகரக் கூரையுள்ள விடுதிக்கு இடிதாங்கியும் சரியான நிலத்தொடுப்பும் இல்லாமல் பிள்ளைகளைப் படுக்க வைக்கக் கூடாது. குளியலறையும் மலசலகூடமும் பழைய கட்டடத்துக்குள் திணிக்கப்படாமல், கூரையிட்ட நடைபாதையால் இணைந்த தனிக் கட்டடமாக வரட்டும். பெண்பிள்ளைகள் இரவில் நனையாமல், வெளிச்சத்தில் போய் வரும் தூரத்தில் இருக்கட்டும். நீருக்குக் கூரையே போதும். நூறு சதுர மீட்டர் கூரை 3,500 மில்லிமீட்டர் மழையில் ஆண்டுக்குக் கணக்குப்படி மூன்றரை இலட்சம் லீற்றர் பிடிக்கும். பாதியைத் தேக்கினாலும் கழுவலுக்கும் மலசலகூடத்துக்கும் பெரும் உதவி.

ஹன்வெல்லவில் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா 1960களின் நடுப்பகுதியில் நல்லாயன் சபைக் கன்னியருக்காக அநாதைப் பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு பண்ணைப் பள்ளியைக் கட்டினார். சப்ரகமுவ எல்லையிலிருந்து தூரம் அதிகமில்லை. பெரிய செலவில்லாமல், உள்ளூர்க் கல்லும் ஓடும் நீண்ட இறவாரமும் கொண்டு இந்த மழைநாட்டில் பிள்ளைகள் தங்கும் கட்டடம் எப்படி இருக்கலாம் என்று அது காட்டியது. நமது பொறியியலாளர்கள் மாதிரி தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு எச்சரிக்கை. நூறு ஆண்டு நின்றது என்பதால் ஒரு கட்டடம் நிற்கும் இடமும் பத்திரம் என்று ஆகிவிடாது. 2003 மே மாதம் இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்திலும் மண்சரிவிலும் சிதைந்தது. 2016 மே 17இல் கேகாலை அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியது. மேலே கைவிட்ட காணியில் வடிகான் அடைபட்டாலே கீழே நிற்கும் சரிவு கனக்கத் தொடங்கும். தோட்டத்துக் கான்களை ஒழுங்காக வெட்டிய காலத்தில் நின்ற சரிவு இன்று நிற்கும் என்று சொல்ல முடியாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வரைபடங்கள் வைத்திருக்கிறது. அந்த வரைபடத்தில் சிவப்பில் விழும் கட்டடத்தை, எவ்வளவு பழமையானாலும், விடுதி ஆக்கக் கூடாது. அளந்து, படம் பிடித்து, வரைந்து வைத்துவிட்டுப் பிள்ளைகளை வேறிடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இதில் பாரம்பரியப் பற்றுக்கு நான் இடம் கொடுக்க மாட்டேன்.

கட்டடம் மாறினால் அதன் உண்மைத்தன்மை போய்விடாதா என்று பாரம்பரியத் துறையினர் கேட்பார்கள். 1994இல் ஜப்பானின் நாரா நகரில் எழுதப்பட்ட ஆவணம் இதற்கு இடம் வைத்தது. உண்மைத்தன்மையைக் கல்லிலும் மரத்திலும் மட்டும் தேடாமல், அந்தந்தப் பண்பாட்டின் கண்ணோடு, பயன்பாட்டையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னது. அப்போது இக்கோமோஸ் என்ற சர்வதேச அமைப்பின் தலைவராக இருந்தவர் இலங்கையின் ரோலண்ட் சில்வா. அந்த அளவுகோலால் பார்த்தால், பிள்ளைகளின் சத்தம் கேட்கும் பள்ளி மண்டபம் பூட்டிக் காக்கப்படும் மண்டபத்தைவிட உண்மையானது.

இனிப் பேச மிச்சம் இருப்பது பணமும் நிலமும். 1992இல் தோட்ட நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் போனது, நிலம் அரசினுடையது. பள்ளி மாகாண சபையின் கீழ், தேசியப் பாடசாலையானால் கல்வி அமைச்சின் கீழ். ஒரு பழைய பங்களாவை விடுதி ஆக்க இவர்கள் எல்லோரும் ஒரே கோப்பில் கையெழுத்திட வேண்டும். 2024இல் இந்தியாவின் உதவியில் ஒன்பது பெருந்தோட்டப் பள்ளிகளை மேம்படுத்த அறுபது கோடி ரூபாய் ஒப்பந்தம் ஆனது. ஆறு மத்திய மாகாணத்துக்கு, ஊவாவுக்கும் தென் மாகாணத்துக்கும் சப்ரகமுவவுக்கும் ஒவ்வொன்று. அந்த ஒரு பள்ளிக்கு வரும் வாய்ப்பை வெறும் வகுப்பறையோடு முடித்துவிடாமல் கட்டிலையும் சமையற்கட்டையும் விடுதிப் பொறுப்பாளருக்கான பதவியையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கட்டடத்துக்கு நன்கொடை கிடைத்துவிடும். இரவில் பிள்ளைகளோடு தங்கும் ஒரு பொறுப்பான பெண்ணின் மாதச் சம்பளத்துக்குத்தான் யாரும் பொறுப்பெடுப்பதில்லை. விடுதிகள் மூடப்படுவது பல நேரம் அந்த ஒரு சம்பளத்தால்தான்.

வேலை தொடங்கும் நாளில் கூரையைப் பிரிக்கும் முன் அதிபர் அறையின் அலுமாரியைத் திறக்க வேண்டும். அதில் பிள்ளைகளைப் பதியும் சேர்விடாப்பும், பள்ளி நிகழ்வுகளைக் குறிக்கும் சம்பவத் திரட்டும் இருக்கும். சேர்விடாப்பில் பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், லயம், சேர்ந்த தேதி, விலகிய தேதி, விலகிய காரணம். 1964க்குப் பிந்திய பக்கங்களில் அந்தக் கடைசிக் கலத்தை யாராவது வரிசையாக வாசித்தால் எந்தத் தோட்டத்திலிருந்து எத்தனை பிள்ளைகள் கப்பலேறினார்கள் என்று தெரியும். நீலகிரியில், கூடலூர்ப் பக்கத்தில் இன்று பேரப்பிள்ளைகளோடு இருக்கும் அந்தப் பிள்ளைகள் பிறந்த இடத்தைக் காட்ட வேறு கடதாசி இல்லாமல் இருக்கக்கூடும். இடாப்புகளை நல்ல துணியில் சுற்றி, தகரப் பெட்டியில் வைத்து, ஒழுகாத ஒரு வீட்டில் யாரையாவது பொறுப்பு வைத்து ஒப்படைத்துவிட்டு, அதன் பிறகு ஏணியைச் சாத்தலாம்.